ஒன்பது குழி உபயம்

அக்கா,

இன்று மத்தியானம் புதுச்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு லாரி. அதன் டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பழைய எண்ணெயை மண்ணில் வடித்துக்கொண்டிருந்தார். சுடுமணலில் எண்ணெய் ஊறுகிற அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு அஸ்தம்பட்டி மைதானம் கண்முன்னால் வந்துவிட்டது. பஸ் வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. "ஏனுங்க, ஏறறீங்களா, நாளைக்கு வாரீங்களா?" என்று கண்டக்டர் கேட்ட பிறகுதான் ஏறினேன்.

போன மாசியில் ஆத்தூரில் நீங்கள் காலமான செய்தியை, உங்களோடு வேலை பார்த்த கம்பவுண்டர் ஒருவர் வந்து சொன்னார். ஆயுசு முழுக்க மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தே சாப்பிட்டவன் நான். சர்க்காருக்கு மனு எழுதியிருக்கிறேன், சம்பந்தி வீட்டுக்குச் சமாதானம் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எழுத வேண்டிய ஒரு மன்னிப்பை மட்டும் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்து, நீங்கள் படிக்க முடியாத நாளில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதிலும் என் சாமர்த்தியம் தெரிகிறது, பாருங்கள். பதில் வராது என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன்.

பிள்ளைப்பேறு விடுதிச் சங்கத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்த வருஷம் எனக்கு இருபத்தைந்து வயது. நான் குமாஸ்தா. சங்கத்தின் தலைவி ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரைசானி என்பதால் அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பதும் என் வேலை. நீங்கள் பட்டணத்து ஆஸ்பத்திரியில் படித்துவிட்டு வந்த மருத்துவச்சி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெயிலில் குடையும் கையில் மரப்பெட்டியுமாக நீங்கள் நடக்கிற வேகத்துக்கு மாட்டு வண்டியே ஒதுங்கி வழிவிடும். பேசுவதும் அதே வேகம்தான். பிரசவ வலியில் கத்துகிற பெண்ணிடம், "கத்தறதை நிறுத்திப்போட்டுத் தள்ளு சாமி, ரெண்டு வேலையும் ஒண்ணா ஆகாது" என்று அதட்டுவீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள்.

சேந்தமங்கலம் போகிற சாலையில் விடுதிக்குச் சுவர் எழும்பி நின்றது. கூரை போடப் பணமில்லை. அப்போதுதான் துரைசானிக்கு அந்த யோசனை வந்தது. அஸ்தம்பட்டிக்கு வெளியே துரைமார்களின் கோல்ஃப் பந்தாட்ட மைதானம் இருந்ததல்லவா, அதில் பெங்களூரிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் நாலு ஆட்டக்காரர்களை வரவழைத்து ஒரு போட்டி நடத்துவது, வருகிறதை விடுதிக்குக் கொடுப்பது. அந்த நாலு பேருக்கும் ஆடுவதே உத்தியோகம். நான் இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. "குச்சியில பந்து தட்டறதுக்குச் சம்பளமுங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு, "எப்படியோ போகட்டும். ஒரு நாள் நமக்காகத் தட்டினாங்கன்னா நாலு கட்டில் வந்துருமுங்களே" என்றீர்கள். அன்றைக்கு நாம் இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

ஊர்ப் பெரியவர்களையும் இதில் சேர்க்க வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. அந்த மைதானத்தில் ஒன்பது குழிகள். குழிக்கு ஒருவராக மிட்டாதார்களையும் ஜவுளி வியாபாரிகளையும் பிடித்து, அந்தந்தக் குழி அவரவர் பெயரில் என்று அறிவித்தால் நன்கொடை தாராளமாக வரும் என்றார் துரைசானி. தமிழில் நோட்டீஸ் அடிக்கிற பொறுப்பு எனக்கு வந்தது.

எனக்குத் தமிழில் கொஞ்சம் கர்வம் உண்டு. காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பாதியில் நின்றவனுக்குக் கர்வம் கூடுதலாகவே இருக்கும். இந்த ஆட்டத்துக்குத் தமிழில் பெயர் கிடையாது, நான்தான் வைக்க வேண்டும் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்து 'குழிப்பந்து' என்று வைத்தேன். நன்கொடைக்கு என்ன சொல்வது? கோயில் திருவிழா நோட்டீஸில் ஒன்றாம் நாள் இன்னார் உபயம், இரண்டாம் நாள் இன்னார் உபயம் என்று போடுவார்களே, அது நம் ஜனங்களுக்குப் பழகிய மாதிரி ஆயிற்றே என்று அப்படியே எழுதினேன். 'பிள்ளைப்பேறு விடுதிக்காக. ஒன்றாம் குழி இன்ன மிட்டாதார் உபயம். இரண்டாம் குழி இன்ன ஜவுளிக்கடை உபயம்.' இப்படியே ஒன்பது குழி வரைக்கும்.

அச்சகத்துக்குப் போகும் முன் உங்களிடம் வாசித்துக் காட்டினேன். பாராட்டு வாங்கத்தான் வாசித்தேன். நீங்கள் மரப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள். கேட்டு முடித்ததும், "தம்பி, இந்தக் குழியை எடுத்துருங்க" என்றீர்கள்.

"ஆட்டமே அதுதானுங்கக்கா" என்றேன்.

"இருக்கட்டுங்க. பேறுகாலத்துப் பக்கத்துல அந்தச் சொல்லு வேண்டாமுங்க."

நான் விடவில்லை. பல்லாங்குழியில் குழி இல்லையா, வயிற்றுப் பிள்ளைக்காரிகள்தானே அதை ஆடுகிறார்கள், யார் பயந்தார்கள் என்று வாதாடினேன். பெரிய வக்கீல் மாதிரி நிற்கிறேன். நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள்: "அது ஊட்டுக்குள்ள ஆடறது. சோழியைப் போட்டா எடுத்துருவாங்க. இது மண்ணுல வெட்டின குழி. நீங்க காகிதத்துல முழுசாப் படிக்கறீங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு ஒருத்தரு படிச்சுச் சொல்லுவாங்க. அவங்க காதுல பந்து உழுகாதுங்க, குழிதான் உழுகும்."

நான் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பிரசவம் பார்க்கறது உங்க வேலை, தமிழ் எழுதறது என் வேலைங்கக்கா" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நீங்களும் சிரித்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

ஆட்டம் நடந்த நாளை நீங்களும் பார்த்தீர்கள். நம் காய்ந்த சீமையில் புல் ஏது? மணலில் எண்ணெய் பிசைந்து, கன்னங்கரேலென்று வட்டமாகப் பரப்பி, மரப்பலகையால் இழுத்துச் சமன் செய்திருந்தார்கள். வட்டத்தின் நடுவில் குழி, குழியில் சிவப்புக் கொடி. அப்படி ஒன்பது வட்டம். நோட்டீஸைப் பார்த்துச் சுற்று வட்டாரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஜனங்கள் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே ஆட்டக்காரர்கள் ஒரு வார்த்தை பேசாமல் வட்டத்தில் வந்து நிற்பார்கள். பெரிய மனிதர்கள் குடைபிடித்துச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் குனிந்து குழியை உற்றுப் பார்ப்பார். பந்து உள்ளே விழும், எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு மௌனமாக அடுத்த குழிக்கு நடப்பார்கள். எனக்கு அது ஆட்டமாகத் தெரிந்தது, ஏனென்றால் எனக்கு விதி தெரியும். கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்றவர்களுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. துரைசானி என்னைக் கூப்பிட்டு, இந்தப் பையன்தான் நம் ஆட்டத்துக்குத் தமிழில் பெயர் கண்டுபிடித்தவன் என்று கலெக்டர் ஆபீஸ் அதிகாரி ஒருவரிடம் அறிமுகம் செய்தார். தாலுகா ஆபீஸில் இடம் காலியானால் சொல்லி அனுப்புவதாக அவர் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கூரை ஏறியது. கட்டில்கள் வந்தன. திறப்பு விழாவில் பூமாலையும் பாட்டும் அமர்க்களப்பட்டன. ஒரு மாதம், இரண்டு மாதம் போயிற்று. ஒரு பெண்ணும் வரவில்லை.

காரணத்தை நீங்கள்தான் முதலில் கண்டுபிடித்தீர்கள். ஊரூராக நடந்து, களத்திலும் கிணற்றடியிலும் பெண்களோடு உட்கார்ந்து, விஷயத்தை வாங்கிக்கொண்டு வந்தீர்கள். புதுப் பாலம் கட்டினால் காவு கேட்கும், புதுக் கட்டடம் கட்டினால் பலி கேட்கும் என்று நம் பக்கத்தில் பேசுவது வழக்கம்தானே. இந்தக் கட்டடத்துக்குக் காவு தாய்மார்கள். ஒன்பது பேர். அஸ்தம்பட்டியில் குழிகூட வெட்டி, கொடி நட்டு, துரைமார் வந்து பூசை போட்டுக் கை தட்டியாயிற்று. யார் யார் உபயம் என்று காகிதத்தில் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். இதுதான் ஊர்ப் பேச்சு. விடுதிக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள், 'குழியூடு'.

"குழிக்கு உபயம் எழுதிட்டாங்க, உழுகற ஆளு பேருதான் இன்னும் எழுதலைன்னு ஒரு ஆத்தா சொல்லுதுங்க" என்று நீங்கள் என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன், அக்கா. பட்டிக்காட்டு ஜனங்கள் என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. வேறு நோட்டீஸ் அடிக்கலாம் என்றீர்கள். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை.

அப்புறம்தான் புதுச்சத்திரத்துக்கு மேற்கே, சோளக்காட்டு ஓரத்து வீட்டில் அந்தப் பெண். தலைப்பிரசவம். இரண்டு நாளாக வலி. நீங்கள் விஷயம் தெரிந்து ஓடினீர்கள். வண்டியில் ஏற்றினால் விடுதிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்துவிடலாம் என்று கெஞ்சினீர்கள். மாமியார் வாசற்படியில் கையை விரித்து நின்றுகொண்டு, "செத்தாலும் எங்க ஊட்டுலயே சாகட்டுமுங்க, அந்தக் குழியூட்டுக்கு மட்டும் அனுப்பமாட்டமுங்க" என்றார்களாம். கடைசியில் கதவைத் திறந்து உங்களை உள்ளே விட்டபோது நேரம் கடந்துவிட்டது. குழந்தை பிழைத்தது. தாய் இல்லை.

சங்கக் கூட்டம் கூடியது. இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய விடுதி ஏன் காலியாகக் கிடக்கிறது, இப்போது ஒரு சாவு வேறு, மருத்துவச்சி என்ன சொல்கிறார் என்று துரைசானி கேட்டார். நான் தமிழில் சொன்னேன். நீங்கள் எழுந்து நின்று பதில் சொன்னீர்கள். உங்கள் நாலு வாக்கியமும் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"ஜனங்க மேல தப்பில்லைங்க. நோட்டீசுல குழி, உபயம்னு போட்டது காவு குடுக்கற மாதிரி அவங்க காதுல உழுந்துருச்சுங்க. அந்த நோட்டீசைத் திருப்பி வாங்கிக்கிட்டு வேற நோட்டீசு அடிக்கோணுமுங்க. அதை எடுத்துக்கிட்டு ஊடு ஊடாப் போயி எழுதினவங்களே சொல்லோணுமுங்க."

யார் எழுதியது என்று நீங்கள் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் வேலையை மட்டும் கேட்டீர்கள். துரைசானி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீஸ் இடம் அந்த வாரம்தான் காலியாகியிருந்தது. நான் இங்கிலீஷில் சொன்னது இதுதான்: ஜனங்கள் விவரம் தெரியாதவர்கள், புது இடத்துக்கு வரப் பயப்படுகிறார்கள், இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்கிறார்.

துரைசானி விவரமான பெண்மணி. அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா என்று கேட்டார். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார் என்றேன்.

அக்கா, இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை பக்கமும் வளைத்து வளைத்து வந்தேன். பயத்தில் வாய் குழறிற்று என்று நாளாவட்டத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழறவில்லை. நன்றாக யோசித்து, நல்ல இங்கிலீஷில், திருத்தமாகச் சொன்னேன்.

ஜனங்களை அனுசரித்துப் போகத் தெரியாத மருத்துவச்சி என்று முடிவாயிற்று. உங்களை ஆத்தூர்ப் பக்கம் அனுப்பிவிட்டு வேறு ஒருவரை அழைத்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தையும் உங்களுக்குத் தமிழில் சொன்னவன் நான்தான். அதில் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

நீங்கள் ஊரைவிட்டுப் போன அன்று பஸ் ஏற்றிவிட வந்தேன். அதற்கு எப்படி எனக்கு முகம் இருந்தது என்று தெரியவில்லை. டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வழக்கமான குரலில் கேட்டீர்கள்: "தம்பி, நோட்டீசுங்கறது இங்கிலீசுச் சொல்லுதானுங்களே?"

"ஆமாங்கக்கா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அன்னைக்குக் கூட்டத்துல நான் அதை மூணு தடவை சொன்னனுங்க. நீங்க துரைசானிகிட்டச் சொல்றப்ப வருதா வருதான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒருக்காக்கூட வரலீங்களே."

ஏதோ அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று முணுமுணுத்தேன். நீங்கள் திட்டியிருந்தால் அன்றோடு ஆறிப்போயிருக்கும். நீங்கள் திட்டவில்லை. "எனக்கென்னங்க, எந்த ஊருக்குப் போனாலும் பேறுகாலம் இருக்கும். இங்க இருக்கறவங்களுக்குத்தான் நீங்க சொல்லோணும். சொல்லிருங்க சாமி" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தீர்கள். பஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அடுத்த வருஷமும் ஆட்டம் நடந்தது. நோட்டீஸ் எழுதும் வேலை மறுபடியும் என்னிடம் வந்தது. இப்போதாவது மாற்றியிருக்கலாம். ஏன் மாற்றினாய் என்று யாராவது கேட்பார்களே என்று பயந்து, ஒன்றாம் குழி உபயம், இரண்டாம் குழி உபயம் என்று பழையபடியே எழுதிக் கொடுத்தேன். அந்த மாதமே தாலுகா ஆபீஸில் சேர்ந்தேன். அங்கேயே படிப்படியாக மேலே வந்து, இப்போது பென்ஷனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் சிலர் விடுதிக்கு வரத் தொடங்கினார்கள். நம் பக்கத்துப் பெண்கள் இன்றுவரை வருவதில்லை. ஒரு தலைமுறையே அந்தக் கட்டடத்தின் முன்னால் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு நடந்து போகிறது.

இன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தேன். என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. அவளை விடுதிக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டும் என்றேன். என் மனைவி தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "குழியூட்டுக்கா? பெத்த புள்ளைய அங்க கொண்டுபோயி உடச் சொல்றீங்களா?"

சொல்லிவிட்டேன், அக்கா. குழி என்று எழுதியது நான், உபயம் என்று எழுதியது நான், அங்கே காவும் இல்லை ஒன்றும் இல்லை, அது பந்து உருட்டுகிற குழி என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களைப் பற்றியும் கூட்டத்தைப் பற்றியும் சொன்னேன். ஏறக்குறைய முப்பது வருஷம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்தது. என் மனைவி கேட்டுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "சும்மா இருங்க. நீங்க எழுதியா ஊரே பேசுது? அங்க காவு குடுத்தது எங்க ஆத்தாளுக்கே தெரியும். வெயில்ல அலைஞ்சுபோட்டு வந்து என்னமோ சொல்றீங்க" என்று தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவளோடு மல்லுக்கட்ட என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. இருந்த ஒரே சாட்சி நீங்கள்.

மகள் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா உள்ளே போனதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, அந்த நர்சம்மா சொன்னதை முழுசாச் சொல்லுங்க" என்றாள். உங்கள் நாலு வாக்கியத்தையும் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். முதல் தடவையாக ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"நான் வாரேனுங்கப்பா" என்றாள். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "எனக்குச் சொல்ல நீங்க இருக்கறீங்க. மத்த ஊட்டுப் புள்ளைங்களுக்கு ஆருங்கப்பா சொல்லுவாங்க?"

அவள் உங்களைப் பார்த்ததே இல்லை, அக்கா. ஆனால் கேட்டது உங்கள் கேள்வி. ஊடு ஊடாகப் போய் எழுதினவனே சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்டதைத்தான் அன்றைக்கு நான் விழுங்கினேன். கூட்டத்தில் விழுங்கினேன், அடுத்த வருஷ நோட்டீஸில் விழுங்கினேன். அது செரிக்கவே இல்லை. இனிமேல் போய்ச் சொன்னால் நம்புவார்களா என்று தெரியவில்லை. என் வீட்டிலேயே நம்பவில்லை. முதலில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் தெரியும். சோளக்காட்டு ஓரத்து வீடு. அந்த மாமியார் இன்னும் இருக்கிறார்களாம். நான் இத்தனை வருஷமாக அந்தத் தடத்தை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் புதுச்சத்திரத்துக்குப் போய் வருகிறேன்.